ஆஸ்பத்திரியில் கணவனையோ மனைவியையோ இழந்து, கவனக்குறைவு என்று சந்தேகப்பட்டால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான குடும்பங்களில் கேள்விகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எழுகின்றன. ராத்திரி முழுக்க டாக்டர் ஏன் வரவில்லை, அந்த ஊசி எதற்கு, சேலத்துக்கு அனுப்ப ஏன் விடிய விடியக் காத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அதற்குள் உடல் எரிந்திருக்கும், கேமரா பதிவு அழிந்திருக்கும். இருக்கும் ஒரே சாட்சி ஆஸ்பத்திரி எழுதி வைத்த காகிதம். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் இரண்டு நாள் வேலைகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். துக்கத்தில் இருப்பவரால் இதையெல்லாம் செய்ய முடியாது. மைத்துனரோ, அண்ணன் மகனோ, பதற்றப்படாத ஒருவர் கையில் இதைக் கொடுங்கள். கையெழுத்து மட்டும் மனைவியோ கணவரோ போட்டால் போதும்.

உடலை வாங்கும் முன்: போஸ்ட்மார்ட்டம்

இறப்புக்கு என்ன காரணம் என்பதில் சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் செய்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் பிறகு எந்த மன்றத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரி எழுதிய காரணமே காரணமாக நிற்கும். "அறுத்து அலங்கோலப்படுத்த வேண்டாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இயல்பு. அவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இன்று வேண்டாம் என்றால் அடுத்த மாதம் வேண்டும் என்று கேட்க முடியாது. காரணத்தில் சந்தேகமே இல்லாத இறப்புகளும் உண்டு. மூளையில் இரத்தக்கசிவு என்று சி.டி. ஸ்கேனிலேயே தெரிந்து, தாமதம் மட்டுமே கேள்வி என்றால், போஸ்ட்மார்ட்டம் இல்லாமலும் வழக்கு நிற்கும். ஆபரேஷனுக்குப் பிறகு, ஊசி போட்டவுடன், பிரசவத்தில், காரணமே சொல்லாமல் திடீரென்று நடந்த இறப்புகளில் நிற்காது.

புகாரை உங்கள் ஊர் காவல் நிலையத்தில் கொடுப்பதைவிட, ஆஸ்பத்திரி எந்த நிலைய எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே கொடுப்பதே நேர்வழி. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு அனுப்பி அங்கே இறந்தால் சேலத்து நிலையம். ஓசூரிலிருந்து பெங்களூரு கொண்டுபோய் அங்கே இறந்தால் அந்த ஊர் நிலையம். எல்லை தாண்டிய புகாரையும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' ஆகப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் போஸ்ட்மார்ட்டம் அவசரத்தில் அந்தச் சுற்று நேரத்தைத் தின்றுவிடும்.

புகார் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இறந்தவர் பெயர், வயது, எந்தத் தேதி எத்தனை மணிக்குச் சேர்த்தீர்கள், எத்தனை மணிக்கு இறந்ததாகச் சொன்னார்கள், எதனால் சந்தேகம் என்று இரண்டு மூன்று வரி. கடைசியில் இப்படி எழுதுங்கள்: "இறப்பில் சந்தேகம் உள்ளதால் பிரேத விசாரணை நடத்தி, பிரேதப் பரிசோதனை செய்து, அறிக்கை நகல் எனக்கு வழங்க வேண்டுகிறேன்." கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். போலீஸ் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் விசாரணை நடத்தும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இது 174-ஆம் பிரிவு. மனைவி இறந்து, திருமணமாகி 7 ஆண்டுக்குள் இருந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் வரலாம். அது சட்டம் வகுத்த நடைமுறை, உங்கள் மீது பழி சுமத்துவதாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

மார்ச்சுவரியில் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்.

1. சிகிச்சை கொடுத்த அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனை வேண்டாம் என்று கேளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தவருக்கு சேலமோ கிருஷ்ணகிரியோ கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கேட்டது பதிவில் இருப்பது பின்னால் உதவும்.
2. பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேளுங்கள்.
3. இருதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், ஆபரேஷன் நடந்த உறுப்பு ஆகியவற்றின் திசுவை ஃபார்மலினில் வைத்து நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதுதான் அதிகம் தவறிப்போகிறது. வழக்கமாக எடுக்கும் உள்ளுறுப்பு மாதிரி உப்புக் கரைசலில் வைக்கப்பட்டு விஷம் இருக்கிறதா என்று பார்க்கப் போகும். மாரடைப்பா, நுரையீரலில் இரத்தக்கட்டியா, கிருமித் தொற்றா என்பதை அந்த உப்புக் கரைசல் மாதிரியிலிருந்து சொல்ல முடியாது.
4. பரிசோதனை செய்யும் டாக்டரிடம் கேஸ் ஷீட்டின் (ஆஸ்பத்திரி எழுதிய சிகிச்சைப் பதிவேட்டின்) நகல் போய்ச் சேர்ந்ததா என்று போலீஸிடம் கேளுங்கள். அது இல்லாமல் செய்யும் பரிசோதனை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு செய்வது.

உறவினர் வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டுமென்றால் மார்ச்சுவரியின் குளிர்பெட்டி போதும். பதப்படுத்தும் மருந்து ஏற்ற விடாதீர்கள். அது ஏறிய பிறகு மருந்து, விஷச் சோதனைகள் பெரும்பாலும் பயன்படாது. முடிவெடுக்க முடியாமல் குழம்பினால் தகனம் செய்யாமல் அடக்கம் செய்யுங்கள். பிறகு புகார் கொடுத்தாலும் வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க வழி இருக்கிறது. நாள் ஆக ஆகக் கிடைக்கும் விவரம் குறையும், அவ்வளவுதான். எரித்த பிறகு ஒன்றும் இல்லை.

பில் பாக்கிக்காக உடலைத் தர மறுப்பது தவறு. நோயாளிகள் உரிமைச் சாசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மறுத்தால் 100-க்கும், தமிழக சுகாதாரத் துறையின் 104-க்கும் போன் செய்யுங்கள். பாக்கியைப் பிறகு கேட்கட்டும். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377.

உடலை வாங்க மறுத்து மறியலில் உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு புகாரைப் பதிய வைக்க சில நேரம் அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் கண்ணாடியை உடைத்தாலோ டாக்டர் மேல் கை வைத்தாலோ, 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். அதோடு உங்கள் புகார் பின்னுக்குப் போய், நீங்களே எதிரியாக நிற்பீர்கள். கூட்டத்தை வெளியே நிறுத்துங்கள். உள்ளே இரண்டு பேர் மட்டும் போய்ப் பேசுங்கள்.

அந்த நேரத்தில்தான் "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஆள் வரும். ஊர்ப் பெரியவராகவோ கட்சிக்காரராகவோ இருக்கலாம், நல்லெண்ணத்தோடே கூட வரலாம். இறந்த அன்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சிகிச்சையில் குறை இல்லை, எதிர்காலத்தில் புகார் கொடுக்க மாட்டோம்" என்ற வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். சமரசம் செய்வது தவறில்லை. கேஸ் ஷீட் கையில் வந்து, ஒரு வக்கீல் அதைப் படித்த பிறகு செய்யுங்கள்.

இரண்டாவது நாள்: இரண்டு கடிதங்கள்

முதல் கடிதம் கேமரா பதிவுக்கு. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பழைய பதிவின் மேல் புதியது தானாகவே எழுதிக்கொண்டு போகும். சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. எந்த வார்டு, எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று குறிப்பிட்டு, "இப்பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்க வேண்டும், இது சட்ட நடவடிக்கைக்குத் தேவைப்படும்" என்று எழுதுங்கள். நகல் உங்களுக்குத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் "அழிந்துவிட்டது" என்றால், கடிதம் கிடைத்த பிறகும் ஏன் அழிய விட்டீர்கள் என்று கேட்க முடியும்.

இரண்டாவது கடிதம் கேஸ் ஷீட்டுக்கு. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற நன்னடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். தராதது தனியாகவே ஒரு நன்னடத்தை மீறல். கடிதம் இப்படி இருக்கலாம்:

"பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர். என் கணவர் / மனைவி (பெயர், வயது, உள்நோயாளி எண்) தங்கள் மருத்துவமனையில் (தேதி) அன்று சேர்க்கப்பட்டு (தேதி, நேரம்) இறந்தார். அவருடைய முழு மருத்துவப் பதிவேட்டின் நகலை, ஒவ்வொரு பக்கமும் எண்ணிடப்பட்டுச் சான்றொப்பத்துடன், 2002 நன்னடத்தை விதி 1.3.2-இன்படி 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டுகிறேன். நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன். இணைப்பு: ஆதார் நகல், உறவுமுறைக்கான ஆதாரம்."

நேரில் கொடுத்து இன்னொரு நகலில் முத்திரை, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "கேஸ் ஷீட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் இரண்டு பக்க இறப்புச் சுருக்கம்தான் வரும். அதனால் என்னென்ன வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்: சேர்க்கைக் குறிப்பு, டாக்டர்களின் அன்றாடக் குறிப்பு, நர்ஸ்களின் குறிப்பு, காய்ச்சல்-நாடி-இரத்த அழுத்த அட்டவணை, மருந்து அட்டவணை, திரவம் ஏற்றியது-சிறுநீர் வெளியேறியது குறித்த அட்டவணை, ஐ.சி.யூ. அட்டவணை, ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் மற்றும் மயக்க மருந்துக் குறிப்புகள், எல்லா லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படங்களின் சி.டி., இரத்த வங்கிப் படிவம், ரெஃபர் ஷீட், விவரமான பில். 108-இல் போயிருந்தால் அந்த ஆம்புலன்ஸின் நோயாளிப் பதிவுத் தாளும் வேண்டும். அதில் எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், அப்போது பிரஷர் என்ன, நாடி என்ன என்று இருக்கும். ரெஃபர் செய்த ஆஸ்பத்திரி "நோயாளி நல்ல நிலையில் அனுப்பப்பட்டார்" என்று எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க இதுதான் வழி.

அரசு ஆஸ்பத்திரியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் தனியாக மனுப் போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். வரவில்லை என்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இறப்புக் காரணச் சான்று

இறப்புச் சான்றிதழ் வேறு, இறப்புக் காரணத்துக்கான மருத்துவச் சான்று வேறு. இரண்டாவது படிவம் 4. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்தின்படி, ஆஸ்பத்திரியில் இறந்தால் இந்தச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அதைக் கொஞ்சம் உன்னிப்பாகப் படியுங்கள். அதில் காரணம் அ, ஆ, இ என்று ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். உடனடிக் காரணம் மேலே, அதற்கு மூலக் காரணம் கீழே. மேலே "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று மட்டும் எழுதி மற்ற வரிகளை வெறுமையாக விட்டிருந்தால், காரணத்தையே எழுதவில்லை என்று பொருள். இருதயமும் மூச்சும் நிற்பது எல்லா இறப்பிலும் நடப்பது. அது ஏன் நின்றது என்பதுதான் காரணம். எதனால் என்று எழுதித் தரும்படி கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

கேஸ் ஷீட்டைப் படிப்பது எப்படி

மருத்துவம் தெரியாதவரும் பாதிக்கு மேல் படித்துவிடலாம். பார்க்க வேண்டியது நேரம். ஒரு நீளமான நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நேரம், ஆஸ்பத்திரி எழுதியது, நீங்கள் கண்டது. மூன்றாவது பத்தியைக் கேஸ் ஷீட் வருவதற்கு முன்பே, பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதி முடித்துவிடுங்கள். காகிதத்தைப் பார்த்த பிறகு மனசு அதற்கு ஏற்ப மாறிவிடும். போனில் இருக்கும் அழைப்புப் பட்டியல், வாட்ஸாப் செய்தி, கூகுள் பே நேரம், கேன்டீன் பில் எல்லாம் இங்கே சாட்சி. அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்கென்று சான்று தர வேண்டியிருக்கும், மூலக்கருவி இருந்தால் அது எளிது.

பிறகு ஒன்றோடொன்று பொருத்துங்கள். அதிகம் வெளிச்சம் தருவது பார்மசி பில்லும் மருந்து அட்டவணையும்தான். இரவு 9 மணிக்குக் கொடுத்ததாக அட்டவணையில் இருக்கும் ஊசியை உங்களிடம் 11.40-க்குத்தான் வாங்கி வரச் சொன்னார்கள் என்று பில் சொன்னால், அந்த ஒரு வரி மொத்த அட்டவணையையும் கேள்விக்குள்ளாக்கும். அடுத்து லேப் ரிப்போர்ட். இரத்தம் எடுத்த நேரம், ரிப்போர்ட் வெளிவந்த நேரம் இரண்டும் அச்சாகியிருக்கும். பொட்டாசியம் அபாயகரமாக ஏறியிருப்பது மாலை 6-க்கே தெரிந்து, டாக்டர் குறிப்பில் அது மறுநாள் காலை ரவுண்ட்ஸில்தான் வருகிறது என்றால் நடுவில் 12 மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. நர்ஸ் குறிப்பில் "டூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று இருந்தால் அந்த நேரத்தையும், டாக்டர் வந்து எழுதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

திருத்தங்களையும் பாருங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், மூன்று ஷிஃப்ட் நர்ஸ் குறிப்பும் இருக்கிறதா? இரத்த அழுத்தம் ஐந்து மணி நேரமும் மாறாமல் 120/80 என்றே இருக்கிறதா? ஒப்புதல் படிவம் எந்த மொழியில் இருக்கிறது? தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ மட்டும் படிக்கத் தெரிந்தவர்களிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முறையாக விளக்கிப் பெறாத ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோலி தீர்ப்பு இருக்கிறது.

நோட்டு முடிந்ததும் அதைக் கேள்விகளாக மாற்றுங்கள். "சரியாகக் கவனிக்கவில்லை" என்பதை எந்த அதிகாரியாலும் விசாரிக்க முடியாது. பாம்புக்கடி என்றால் இப்படிக் கேளுங்கள்: 20 நிமிட இரத்த உறைதல் சோதனை எத்தனை மணிக்கு நடந்தது, விஷமுறிவு மருந்தின் முதல் பாட்டில் எத்தனை மணிக்கு ஏறியது, மொத்தம் எத்தனை பாட்டில்? பிரசவ இரத்தப்போக்கு என்றால்: எவ்வளவு இரத்தம் போனதாக அளந்தார்கள், எத்தனை மணிக்கு இரத்தம் கேட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு ஏறியது, ரெஃபர் முடிவு எப்போது? இப்படி எழுதியதை நம்பிக்கையான ஒரு டாக்டரிடம், முடிந்தால் வேறு மாவட்டத்தில் இருப்பவரிடம், கேஸ் ஷீட்டோடு காட்டுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது: "இதே நிலையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் என்ன செய்திருப்பார்? அதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா?"

அவர் "எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது" என்றும் சொல்லலாம். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். சிகிச்சை பலிக்காதது கவனக்குறைவு ஆகாது. இரண்டு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்ததும் ஆகாது. கடமை இருந்தது, அதிலிருந்து தவறினார்கள், அந்தத் தவறால்தான் இறப்பு நேர்ந்தது என்று மூன்றும் சேர வேண்டும். மூன்றாவதில்தான் நிறைய வழக்குகள் தோற்கின்றன.

எந்தக் கதவைத் தட்டுவது

ஒவ்வொரு கதவும் வேறு ஒன்றைத் தரும். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் எல்லா இடத்துக்கும் ஒரே மனுவை அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கிறது. அப்படிப் போன மனு ஒவ்வொரு மேஜையிலும் "வேறு துறைக்கு அனுப்பப்பட்டது" என்று சுற்றும்.

துறை விசாரணை வேண்டுமென்றால், ஆஸ்பத்திரி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கல்லூரி முதல்வர் வழியாக மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர், தேன்கனிக்கோட்டை போன்ற அரசு மருத்துவமனைகள் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரின் கீழ். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வழங்குவது இணை இயக்குநர்தான். அதனால் தனியார் மீதான புகாரும் அங்கே போகும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்து எண் வாங்கினால், பின்தொடர ஒரு பிடி கிடைக்கும்.

பிரசவத்திலோ, பிரசவமாகி 42 நாளுக்குள்ளோ மனைவி இறந்திருந்தால் ஒவ்வொரு இறப்பையும் மாவட்ட அளவில் ஆய்வு செய்ய வேண்டும். அதில் குடும்பத்தினரிடமும் விவரம் கேட்க வேண்டும். உங்களை அழைக்கவில்லை என்றால் கலெக்டருக்கு எழுதிக் கேளுங்கள். அந்த ஆய்வின் நோக்கம் தண்டனை அல்ல. ஆனால் நடந்ததை நேருக்கு நேர் கேட்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது.

டாக்டரின் பதிவின் மேல் நடவடிக்கை வேண்டுமென்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ மன்றம். அங்கே பணம் கிடைக்காது, ஆஸ்பத்திரியின் மேல் புகார் கொடுக்க முடியாது. டாக்டரின் பெயர் வேண்டும். 6 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பெங்களூருவில் சிகிச்சை கொடுத்தவர் என்றால் கர்நாடக மருத்துவ மன்றம்.

குற்ற வழக்கு: பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ஆம் பிரிவு. மருத்துவ சிகிச்சையின்போது பதிவுபெற்ற டாக்டரின் கவனக்குறைவால் இறப்பு நேர்ந்தால் 2 ஆண்டுவரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ. இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வோம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் என்று சொல்ல மிகப் பெரிய கவனக்குறைவு வேண்டும், வழக்குத் தொடரும் முன் அரசு மருத்துவர் போன்ற சார்பற்ற ஒருவரின் கருத்து வேண்டும், வழக்கமாகக் கைது செய்யக் கூடாது என்று வகுத்தது. குடிபோதையில் ஆபரேஷன், தகுதியில்லாதவர் ஊசி போட்டது, இரத்த வகை மாற்றி ஏற்றியது போன்றவற்றில் இந்த வழி சரி. காவல் நிலையம் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். போலி டாக்டர் என்றால் குற்ற வழக்கே முதல் வழி.

மனித உரிமை மீறல் என்று மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரி வழக்குகளில் இது நடைமுறையில் பயன்படும் கதவு, கட்டணமும் இல்லை.

இழப்பீடு

இங்கே முதல் கேள்வி, சிகிச்சைக்குப் பணம் போனதா என்பது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது: எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பணம் வாங்கும் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மட்டும் இலவசம் என்றால் வரும். காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் பணம் கட்டியதாகவே கணக்கு. அதனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள் "நாங்கள் காசு கட்டவில்லையே" என்று ஒதுங்க வேண்டாம். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007 கிஷோர் லால் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

இலவச அரசு ஆஸ்பத்திரி என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது மாவட்டத்திலேயே சிவில் வழக்கு. அரசுக்கு எதிரான சிவில் வழக்குக்கு முன் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இறப்புக்கான இழப்பீட்டு வழக்குக்குக் காலக்கெடு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. நோட்டீஸைக் கடைசி மாதத்துக்கு விடாதீர்கள்.

நுகர்வோர் வழக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடக்கும். இதற்கும் 2 ஆண்டு. போலீஸ் விசாரணை முடியட்டும், மருத்துவ மன்றம் சொல்லட்டும் என்று காத்திருந்து இந்த 2 ஆண்டைத் தொலைத்தவர்கள் ஏராளம். அவை நடக்கும்போதே இதைப் போட முடியும். பெங்களூருவிலோ சேலத்திலோ சிகிச்சை நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் போடலாம்.

எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை. 50 லட்சம்வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது, 10 லட்சம்வரை 200 ரூபாய், 20 லட்சம்வரை 400 ரூபாய். இங்கே நடக்கும் பெரும்பாலான வழக்குகள் கட்டணமில்லா வகையில்தான் விழும்.

மனுவில் சட்டப்படியான எல்லா வாரிசுகளும் சேர வேண்டும். கணவர் இறந்திருந்தால் மனைவி, குழந்தைகளோடு அவருடைய அம்மாவும் வாரிசு. மாமியாரோடு மனத்தாங்கல் இருந்தாலும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். வாரிசுச் சான்றை இ-சேவையில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். பி.எஃப்., வங்கி, காப்பீடு எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும்.

எந்த டாக்டர் தவறு செய்தார் என்று பெயர் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரியின் மேல் மட்டும் வழக்குப் போடலாம். கணவரை இழந்த சவிதா கர்க் தொடுத்த வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. கவனத்தோடுதான் சிகிச்சை செய்தோம் என்று காட்டும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு உண்டு என்றும் சொன்னது. நிபுணர் சாட்சி இல்லாமல் வழக்கே இல்லை என்று யாராவது சொன்னால், 2010 வி. கிஷன் ராவ் தீர்ப்பை வக்கீலிடம் காட்டுங்கள். மலேரியாவுக்குப் பதில் டைஃபாய்டுக்கு மருந்து கொடுத்ததால் மனைவியை இழந்தவர் அவர். தவறு வெளிப்படையாக இருக்கும் வழக்குகளில் நிபுணர் தேவையில்லை என்று அதில் வந்தது. சிக்கலான வழக்கில் நிபுணர் கருத்து வேண்டியே இருக்கும்.

எவ்வளவு கேட்பது? வாகன விபத்து வழக்குகளில் பயன்படும் கணக்கை ஒரு அடிப்படையாக வைக்கலாம். 38 வயதுக் கணவர், மாதம் 18,000 ரூபாய் சொந்த வேலை வருமானம், வீட்டில் நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. அவருடைய சொந்தச் செலவாக நான்கில் ஒரு பங்கு போனால் 2,26,800. ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது, அந்த வயதுக்குப் பெருக்கு எண் 15. மொத்தம் 34,02,000. இதன் மேல் சிகிச்சைச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, ஈமச்செலவு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்றால் வருமானம் பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கீர்த்தி வழக்கில் மறுபடியும் சொல்லியிருக்கிறது. ஆடு மாடு, பூந்தோட்டம், மாங்காய் அறுவடை வேலை இருந்தால் அதையும் எழுதுங்கள். மருத்துவ வழக்குகளில் இந்தப் பெருக்குக் கணக்கோடு நின்றுவிட வேண்டியதில்லை என்றும் தீர்ப்பு உண்டு. 1998-இல் மனைவி அனுராதாவை இழந்த குணால் சாகாவுக்கு 2013-இல் சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் கிடைத்தது அப்படித்தான். அதற்கு 15 ஆண்டு ஆனது என்பதையும், அவரே ஒரு டாக்டர் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு. தனியாக வக்கீல் வைத்தால், மருத்துவ வழக்கு நடத்தியவரா என்று கேளுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் போக வேண்டாம், அப்படிப் பேசுவது வக்கீல்களின் விதிப்படியே தவறு.

குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது

இறந்தவர் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். பி.எஃப். பிடித்த வேலையில் இருந்தவருக்கு ஊழியர் வைப்புத்தொகைக் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம்வரையும், குடும்ப ஓய்வூதியமும் உண்டு. வழக்குப் போட்டால் இவை நின்றுவிடும் என்பது வதந்தி.

"நான் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்" என்ற எண்ணம் உயிரோடு இருப்பவரை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த முடிவை அன்று தெரிந்ததை வைத்துத்தான் எடுத்தீர்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் இல்லையென்றால், இரவு பகல் எந்த நேரமும் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம். கேஸ் ஷீட்டைப் படிப்பது ஒவ்வொரு முறையும் அந்த இரவைத் திரும்பக் கொண்டுவரும். அதனால் அந்த வேலையைத் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள், பகலில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வழக்குப் போட்ட பிறகு

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. 45 நாள் தாண்டி வரும் பதிலை ஏற்கக் கூடாது என்று உங்கள் வக்கீல் எதிர்க்க வேண்டும். அவர் எதிர்த்தாரா என்று கேளுங்கள். வாய்தா தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, முடிந்தவரை நேரில் போங்கள். மனுதாரர் தொடர்ந்து வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும்.

ஆஸ்பத்திரி தன் பதிலோடு கேஸ் ஷீட்டைத் தாக்கல் செய்யும். அதை உங்களுக்குக் கொடுத்த நகலோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். முன்பு பக்க எண்ணோடு வாங்கி வைத்திருந்தால் இங்கேதான் அதன் பலன் தெரியும். புதிதாக ஒரு நர்ஸ் குறிப்பு முளைத்திருந்தாலோ, ஒரு நேரம் திருத்தப்பட்டிருந்தாலோ அதைத் தனிப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

தீர்ப்பு எதிராக வந்தால் 45 நாளுக்குள் சென்னை மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. சாதகமாக வந்தும் பணம் வராவிட்டால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு 3 ஆண்டுவரை சிறை என்று சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த மனுவுக்கு நோட்டீஸ் போன பிறகுதான் பல இடங்களில் பணம் வருகிறது.